இரண்டாவது ரிவ்யூவரின் மூன்றாவது கேள்வி

முதல் ரிவ்யூவர் நல்ல மனிதர். பத்திரிகை சரிபார்க்கக் கொடுத்த அல்லியின் ஆராய்ச்சிக் கட்டுரையில் நாலு எழுத்துப் பிழையைக் காட்டினார், ஒரு படத்தைப் பெரிதாக்கச் சொன்னார், வாழ்த்தும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். இரண்டாவது ஆள்தான் வில்லங்கம். பெயர் தெரியாது, ஊர் தெரியாது, ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாது. பதினொரு கேள்விகள் கேட்டிருந்தார். போன வாரத்துக்குள் பத்துக்குப் பதில் எழுதி முடித்திருந்தாள் அல்லி. மூன்றாவது கேள்வி மட்டும் தொண்டையில் மாட்டிய மீன் முள்ளாக அப்படியே நின்றது.

‘கடலோரக் கிணறுகளில் உப்பு பிப்ரவரியில் உச்சத்துக்குப் போகிறது என்கிறீர்கள். நவம்பர் மழையில் உப்பு குறைந்ததற்கான அடையாளமே உங்கள் படத்தில் இல்லை. தேதிகளைச் சரிபாருங்கள். களக் குறிப்பேட்டின் நகலையும், குறித்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியையும் இணையுங்கள்.’

இவ்வளவுதான் கேள்வி. ஆனால் அந்த பிப்ரவரிதான் அல்லியின் ஆறு வருஷ ஆராய்ச்சிக்கு உயிர். வெயில் காலத்தில்தான் கிணறு உப்பாகும் என்று ஊரே நம்பிக்கொண்டிருக்க, இல்லை, ஜனவரி கடைசியில் ஆற்றில் தண்ணீர் நின்ற கையோடு பிப்ரவரியிலேயே உப்பு ஏறிவிடுகிறது என்று சொன்ன முதல் ஆள் அவள். கைடு சித்திக்கா மேடமே அந்தப் படத்தைப் பார்த்து நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

இன்று ஜூன் பத்து. மாலை ஐந்தரைக்குப் பத்திரிகையின் இணையப் போர்ட்டல் மூடிவிடும். ஒருமுறை அவகாசம் வாங்கியாகிவிட்டது, இனிமேல் கிடையாது. ஆகஸ்டோடு பி.எச்டி. பதிவுக் காலமும் முடிகிறது. பேப்பர் ஏற்கப்படாமல் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் வாங்கிக்கொள்ளாது.

அதனால்தான் அவள் நேற்றே இரண்டு வயது மகள் முத்தமிழைத் தூக்கிக்கொண்டு விழிதியூருக்கு, அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். கையெழுத்துப் போட வேண்டியவர் அப்பா.

அப்பா கருப்பையன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்தார். தலையில் எண்ணெய், நெற்றியில் திருநீறு. பத்திரம் பதியப் போகிறவர் மாதிரி இருந்தது.

“எதுக்குப்பா இதெல்லாம்? ஒரு கையெழுத்துதானே?”

“வெளிநாட்டுக்குப் போற கையெழுத்து இல்லையா? சும்மா பனியனோட உக்காந்து போட்டா நல்லாவா இருக்கும்?”

அடுப்படியிலிருந்து அம்மா மங்கையர்க்கரசி எட்டிப் பார்த்தாள். “காலையில அஞ்சு மணிக்கே எழுந்திருச்சு பேனா எழுதுதான்னு கிறுக்கிப் பாத்துக்கிட்டு இருக்காரு. எங்க கல்யாணத்துக்கு இவ்வளவு வெரசா கெளம்பல.”

அல்லிக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், முத்தமிழ் வயிற்றில் இருந்தபோது, நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கணவனுக்கு அப்போது சென்னையில் வேலை. படுக்கையில் கிடந்தபடி அவள் அழுத அழுகைக்கு அப்பாதான் மருந்து கண்டுபிடித்தார். “உப்பு மீட்டரைக் கொடு, நான் அளக்குறேன்” என்றார். ஐந்து நாளைக்கு ஒருமுறை, டிவிஎஸ் வண்டியில், விழிதியூர் தொடங்கி கருக்களாச்சேரி கடற்கரை வரை ஆறு கிணறு. மழையிலும் போனார், காய்ச்சலிலும் போனார். அல்லி சென்னையிலிருந்து கட்டம் போட்டுத் தபாலில் அனுப்பிய நீல அட்டை நோட்டில் எழுபத்திரண்டு வரிகள். முதல் மாதத்திலிருந்து பன்னிரண்டாம் மாதம் வரை, ஒரு தவணை விடாமல்.

உறுதிமொழித் தாளை நீட்டினாள். இரண்டு பிரதி எடுத்து வைத்திருந்தாள், ஒன்று வீணானால் இருக்கட்டும் என்று. ‘இந்தக் குறிப்பேட்டிலுள்ள தேதிகளும் அளவுகளும் அந்தந்த நாளில் என் கையால் எழுதப்பட்டவை’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அதன் கீழே தமிழில் அதே வரி.

அப்பா தமிழ் வரியை விரல் வைத்துப் படித்தார். “உண்மைதான்” என்றார் தீர்ப்புச் சொல்வது போல. பிறகு நிதானமாக, ‘ப’னாவையும் ‘ன்’னையும் ரசித்துக் கையெழுத்திட்டு, பக்கத்தில் தேதியும் போட்டார்.

27-2.

அல்லி தாளைக் கையில் எடுத்தாள். “அப்பா, தேதி தப்பாப் போட்டுட்டீங்க. இன்னைக்கு ஜூன் பத்து.”

“தெரியுமே. வைகாசி இருபத்தேழு.”

“அப்ப இந்த ரெண்டு?”

“வைகாசி ரெண்டாவது மாசம்தானே. சித்திரை ஒண்ணு, வைகாசி ரெண்டு, ஆனி மூணு.” அப்பா சாதாரணமாகச் சொன்னார். “நான் எப்பவும் தமிழ்த் தேதிதாம்மா. வெதை விட்டது, நட்டது, அறுத்தது எல்லாம் அதுலதான் மனசுல நிக்கும்.”

அல்லி தாளை மேஜையில் வைத்தாள். “உங்க வயல் நோட்டுல மாசத்துப் பேர் எழுதுவீங்களே. அதைத்தானே நான் பாத்திருக்கேன்.”

“அது பெரிய நோட்டு. நீ போட்டு அனுப்புன கட்டம் இத்துணூண்டு இருந்துச்சு. மார்கழின்னு எழுதுனா கட்டத்தைத் தாண்டிப் போவுது. சரி, உன்னோட நோட்டு அசிங்கமாப் போயிடக் கூடாதுன்னு நம்பராப் போட்டேன்.”

“ஜனவரியிலேயே ஆரம்பிக்கச் சொன்னேனேப்பா?”

“தையில அறுப்பு. மாசியில எனக்கு முட்டி வீக்கம். அதைச் சொன்னா படுத்துக் கெடக்குற புள்ள கவலப்படும்னுதான் சொல்லல. சித்திரை பொறந்ததும் நல்ல நாள் பாத்து ஆரம்பிச்சேன். ஒரு வருசம் வேணும்னு சொன்ன, முழுசா ஒரு வருசம் இருக்குல்ல?”

முழுசாக இருந்தது. அதுதான் கெடுத்தது. ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை பிசகில்லாமல் இருந்ததால்தான் அது ஜனவரியா சித்திரையா என்று கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை. அட்டையில் 2023 என்று எழுதி அனுப்பியவளும் அவள்தான்.

நோட்டை எடுத்து இரண்டாம் பக்கத்தைப் புரட்டினாள். அவள் தேடியது அங்கேயே இருந்தது. 30-2. பிப்ரவரிக்கு ஏது முப்பது? கம்ப்யூட்டரில் ஏற்றும்போது அப்பா அசதியில் எழுதியிருப்பார் என்று அவளே அதை இருபத்தெட்டாக மாற்றியிருந்தாள். மாற்றும்போது, பாவம் அப்பா என்று நினைத்துக்கொண்டதுகூட ஞாபகம் வந்தது.

“நான் ஏதும் தப்பா எழுதிட்டனாம்மா?”

“இல்லப்பா. நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க.”

அவள் சொன்னது உண்மை. ஆனால் அதைச் சொன்ன குரல் அவரை ஏமாற்றும் அளவுக்கு நன்றாக இல்லை. நோட்டையும் தாள்களையும் மேஜையிலேயே வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

லேப்டாப்பில் எழுபத்திரண்டு தேதிகளையும் தமிழ்க் காலண்டர்படி ஏறத்தாழ மூன்றரை மாதம் தள்ளி வைக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. படம் புதிதாக விழுந்தது. ஐப்பசி, கார்த்திகையில் கிணறுகள் தெளிந்தன. பங்குனியிலிருந்து ஏறி வைகாசியில் உப்பு உச்சத்துக்குப் போனது. மழையும் உப்பும் சொல்லி வைத்தாற்போல் பொருந்தின. இவ்வளவு சுத்தமான படத்தை அவள் எந்தப் பேப்பரிலும் பார்த்ததில்லை. அப்பா ஒரு புள்ளிகூடப் பிசகாமல் அளந்திருக்கிறார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அதைப் பார்த்துத்தான் அழுகை வந்தது.

சித்திக்கா மேடத்துக்குப் போன் செய்தாள். முழுவதையும் சொல்லி முடித்தாள்.

“சரியான தேதிக்கு மாத்திட்டா என்னம்மா மிஞ்சும்?”

“வைகாசியில கிணறு உப்பாகும்னு மிஞ்சும் மேடம்.”

“அது எங்க வீட்டுல பாத்திரம் விளக்குற பொம்பளைக்கே தெரியுமே.”

அல்லி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“கோவத்துல சொல்லல அல்லி. அந்தப் படத்தைப் பாத்துட்டு எந்திரிச்சவளாச்சே நானு. நானும்தானே உங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்.” மேடம் பெருமூச்சு விட்டார். “புதுசா ஒண்ணுமில்லைன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. வேற பத்திரிகைக்குப் போனா எட்டு மாசம். ஆகஸ்டு தாங்காது.”

“நான் என்ன செய்யட்டும் மேடம்?”

“கட்டுரையில முதல் பேரு உன்னோடது. நீ எதை அனுப்புனாலும் நான் தடுக்க மாட்டேன். அதுக்கு மேல என்னைக் கேக்காதேம்மா.” சலாம் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

தடுக்கவும் மாட்டேன், சொல்லவும் மாட்டேன் என்றால் என்ன அர்த்தம்? கிணற்றில் விழுந்தவளிடம், கயிறு இருக்கிறது, ஆனால் எடுத்துத் தர மாட்டேன் என்பது போல இருந்தது அல்லிக்கு.

பகல் ஒரு மணிக்குக் கலைவாணன் வந்தான். அல்லியின் கணவன். சென்னை வேலையிலிருந்து காரைக்கால் கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு, பதவி உயர்வையும் விட்டுவிட்டு வந்தவன். இதை அவன் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை என்பதுதான் அவளுக்குப் பெரிய பாரம். ஆபீசில் பர்மிஷன் போட்டுவிட்டு, நோட்டை ஸ்கேன் எடுக்க வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்த சின்ன ஸ்கேனரையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தான்.

அறைக்குள் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஸ்கேனரைக் கட்டிலில் வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

“இதுவரைக்கும் அவங்களுக்குப் போயிருக்கிறது நீ டைப் பண்ண டேபிள் மட்டும்தானே?”

“ஆமா.”

“நோட்டுல ஒரு பக்கம் அனுப்பு. முப்பதாம் தேதி இல்லாத பக்கமா பாத்து. மாமா கையெழுத்தும் இருக்கு. அந்த ஆளு அதுக்கு மேல என்ன கேப்பான்?”

“ஏங்க, அது பொய்யி.”

“எனக்கும் பொய் புடிக்காது. ஆனா ஆறு வருஷம் அல்லி.” அவன் குரல் தாழ்ந்தது. “உன் பேப்பரைப் படிச்சுட்டுத்தான் மேட்டூர்ல தண்ணி தெறக்கப் போறாங்களா? யாருக்கு நட்டம்?”

“படிக்க மாட்டாங்கன்னுதானா நான் ஆறு வருஷம் எழுதினேன்?”

அதைக் கேட்டிருக்க வேண்டாம் என்று அவளுக்கே தோன்றியது. அவன் கேட்டதில் தப்பில்லை. அவள் சொன்னதிலும் தப்பில்லை. தப்பு என்று கை நீட்ட ஒருவராவது இருந்தால் சண்டையாவது போடலாம்.

முத்தமிழ் வந்து கலைவாணனின் மடியில் ஏறி, அந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்தாள்.

சாப்பிட்டதாகப் பேர் பண்ணிவிட்டு அல்லி மறுபடியும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். என்னவோ, கணவனிடம் சண்டைக்குப் போனதில் மனசு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. மூன்றாவது கேள்விக்குக் கீழே எழுத ஆரம்பித்தாள். எங்கள் பக்கத்து விவசாயிகள் தமிழ் மாதக் கணக்கில் தேதி எழுதுவார்கள், அதை நான் ஆங்கில மாதமாகப் படித்துவிட்டேன், தவறு என்னுடையது, அளந்தவருடையது அல்ல. கடைசி வாக்கியத்தை மூன்று முறை திருத்தினாள். பிப்ரவரி என்று இருந்த இடங்களையெல்லாம் எடுத்தாள். தலைப்பையும் மாற்றினாள். மாற்றிய பிறகு படித்துப் பார்த்தால், கட்டுரை அரிசி களைந்த தண்ணீராக இருந்தது. ஆனாலும் எழுதினாள்.

“இதை நம்புவாங்களா?” என்று கலைவாணன் கேட்டான். கோபம் ஆறியிருந்தது. “மாட்டிக்கிட்டதும் கதை கட்டுறாங்கன்னு நெனைக்க மாட்டாங்களா?”

“மாட்டாங்க. முப்பது-ரெண்டு இருக்கே. ஒலகத்துல எந்த நாட்டுலயும் பிப்ரவரி முப்பது கெடையாது. அந்த ஒரு வரி போதும். இன்னைக்கு அப்பா போட்ட இருபத்தேழு-ரெண்டும் கூட இருக்கு. ஒண்ணுக்கொண்ணு சாட்சி.”

“அப்ப எடு, ஸ்கேன் பண்ணிடுவோம்.”

மணி மூன்றரை. கூடத்து மேஜையில் நோட்டு இல்லை. உறுதிமொழித் தாள்களும் இல்லை. அப்பாவும் இல்லை.

“கதவுக்கிட்ட நின்னுக்கிட்டு இருந்தாரு, நீ போன்ல பேசுறப்போ” என்றாள் அம்மா. “என்னன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னாரு. கோட்டுச்சேரி வரைக்கும் போயிட்டு வந்துடறேன்னு வண்டிய எடுத்தாரு. சோறுகூடத் திங்கல.”

போன் செய்தார்கள். அப்பாவின் போன் சாமி படத்துக்குக் கீழே சார்ஜில் கிடந்து பாடியது.

கலைவாணன் பைக்கை எடுத்துக்கொண்டு தேடப் போனான். அல்லி வாசலில் நின்றாள். உள்ளே போனாள். மறுபடி வாசலுக்கு வந்தாள். நான்கு மணி ஆனது. நாலேகால் ஆனது. ஆறு மாசத்துக்கு முன்பே அந்த நோட்டைப் பக்கம் பக்கமாக ஒரு போட்டோ எடுத்து வைக்க என்ன கேடு வந்தது? எண்களை டைப் அடித்ததும், வேலை முடிந்தது என்று மூடி வைத்தாளே. காலையிலாவது போனில் ஒரு படம் எடுத்திருக்கலாம். கண் முன்னால்தான் இருந்தது, கையில்கூட வைத்திருந்தாள்.

நாலே முக்காலுக்கு டிவிஎஸ் வண்டிச் சத்தம் கேட்டது. இஸ்திரிச் சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது. அப்பாவின் முகத்தில் மட்டும் ஒரு தெளிவு.

“பயந்துட்டியாம்மா? ஒண்ணும் பயப்படாத. சரி பண்ணிட்டேன்.”

“என்னப்பா சரி பண்ணீங்க?”

“நீ மேடத்துக்கிட்ட பேசுனதக் கேட்டேன். அடப்பாவி, நம்ம நம்பரு போட்டதால புள்ள படிப்பே போவுதேன்னு ஆயிடுச்சு. நாம போட்ட முடிச்ச நாமதானே அவுக்கணும்?” மஞ்சள் பையிலிருந்து நோட்டை எடுத்தார். “ஜெராக்ஸ் கடையில ரெண்டு வருசத்துக் காலண்டரையும் கம்ப்யூட்டர்ல பாத்து, ஒவ்வொண்ணா இங்கிலீஷ் தேதி சொல்லச் சொன்னேன். எழுபத்திரண்டும் மாத்தியாச்சு. ஒண்ணு விடல.”

அல்லி நோட்டைத் திறந்தாள்.

தேதிக் கட்டம் முழுக்க வெள்ளை. ஒயிட்னர் வாங்கி, ஒவ்வொரு தேதியின் மேலும் கட்டத்தைத் தாண்டாமல் பூசி, காயவைத்து, அதன் மேல் புது நீல மையில் மணி மணியாக எழுதியிருந்தார். 18-4. 23-4. 28-4. முப்பது-இரண்டு இருந்த இடத்தில் 13-6 இருந்தது. ஒரு தேதிகூடத் தப்பில்லை. அவள் கம்ப்யூட்டரில் கணக்கிட்டதும் அதேதான்.

இதைப் பார்த்தால் இரண்டாவது ரிவ்யூவர் என்ன நினைப்பார் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தேதியைச் சரிபார் என்று கேட்டதும், எழுபத்திரண்டு தேதியையும் அழித்து எழுதியிருக்கிறார்கள். அவள் கையில் இப்போது இரண்டுதான் இருந்தன. பிப்ரவரி என்று சொல்லும் பொய்யான அட்டவணை, அடித்தல் திருத்தல் இல்லாமல் பளிச்சென்று. வைகாசி என்று சொல்லும் உண்மையான நோட்டு, ஒயிட்னர் வாசனையோடு.

“காலையில கையெழுத்துப் போட்ட தாளு எங்கப்பா?” அவளுக்கே கேட்காத குரலில் கேட்டாள்.

“அதுல தப்பாத் தேதி போட்டிருந்தேன்ல, கிழிச்சுப் போட்டுட்டேன். இன்னொண்ணு வச்சிருந்தியே, அதுல போட்டிருக்கேன் பாரு.”

மஞ்சள் பையிலிருந்து தாளை எடுத்து, மடிப்பு விழாமல் நீவி மேஜையில் வைத்தார். ‘தேதிகளும் அளவுகளும் அந்தந்த நாளில் என் கையால் எழுதப்பட்டவை.’ காலையில் முழு உண்மையாக இருந்த வரி. அதன் கீழே அதே நிதானமான கையெழுத்து.

அல்லி அவரைப் பார்த்தாள். திட்டிவிடலாம். உடைந்து அழுதுவிடலாம். ஆனால் விரல் நுனிகளில் வெள்ளை காய்ந்து போய் நிற்கிற மனிதரிடம் எதைச் சொல்வது?

“சரியா இருக்காம்மா?”

“சரியா இருக்குப்பா.”

“அந்த ரெண்டாவது ஆளு நம்ம பக்கத்துக்காரரா இருப்பாரோ?” அப்பா நாற்காலியில் சாய்ந்தார். “எங்கயோ உக்காந்துக்கிட்டு நம்ம கெணத்தோட மாசத்தைக் கண்டுபுடிச்சுட்டாரே. நல்ல மனுசன்தான்.”

வெளியே கலைவாணனின் பைக் வந்து நின்றது. அறைக்குள் லேப்டாப் திறந்தபடி இருந்தது. மூன்றாவது கேள்விக்குக் கீழே அவள் எழுதிய பதில், அதன் கீழே ‘கோப்பை இணைக்கவும்’ என்று ஒரு பெட்டி. மணி ஐந்து அடிக்க ஐந்து நிமிஷம்.

அப்பா ஏதோ ஞாபகம் வந்தவராகப் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். தாளைத் தன் பக்கம் இழுத்து, கையெழுத்துக்குப் பக்கத்தில் காலியாக விட்டிருந்த இடத்தில் பேனா முனையைக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினார்.

“இனிமே நானா எதையும் போட மாட்டேம்மா” என்றார். “நீயே சொல்லு. எந்தத் தேதி போடட்டும்?”